வளையக்காரியின் காலம்

அந்தத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவளை எல்லோரும் வளையக்காரி என்றே அழைத்தார்கள். புதிதாக வருகிறவர்கள் வளையல் என்று நினைத்துக்கொண்டு அவள் கைகளைப் பார்ப்பார்கள். வெறுங்கைகள். அமிலம் பட்டு இரண்டு நகங்கள் பழுப்பேறிய, முப்பது வருடமாகக் கண்ணாடிப் பாத்திரம் கழுவித் தேய்ந்த கைகள்.

“வளையல் இல்லீங்க, வளையம்” என்பாள். அலமாரியைத் திறந்து ஒரு ஜாடியை எடுத்துக் காட்டுவாள். உள்ளே வெள்ளைப் பொடி. பார்த்தால் மாவு மாதிரி இருக்கும். மாவிலிருந்து எடுத்ததுதான். சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்று அதற்குப் பெயர். ஏழு சர்க்கரைத் துண்டுகள் கைகோத்து வட்டமாக நின்றால் எப்படி இருக்கும், அப்படி ஓர் அமைப்பு. அடியில்லாத வாளி மாதிரி. வெளிப்பக்கம் தண்ணீரோடு ஒட்டி உறவாடும். உள்பக்கத்துக்குத் தண்ணீர் ஆகாது. எண்ணெய்த் தன்மை உள்ள பொருள் ஏதாவது வந்தால், வா என்று மடியில் ஏற்றிக்கொள்ளும்.

ஃபீனால் வகைப் பொருட்கள் அந்த மடியில் உட்காரும். பழத்தோலிலும் அவை உண்டு, தரை கழுவும் கிருமிநாசினியிலும் உண்டு, சாணத்திலும் உண்டு. அவற்றில் மெட்டா, பாரா என்று இரண்டு கிரெசால்கள் இருக்கின்றன. இரட்டைப் பிள்ளைகள். ஒரே எடை, ஒரே வாசனை. உடம்பில் ஒரு மச்சம் மட்டும் இடம் மாறி இருக்கும். பரிசோதனை இயந்திரத்துக்குள் அனுப்பினால் இரண்டும் தோள்மேல் கைபோட்டுக்கொண்டு ஒரே நேரத்தில் வெளியே வரும். திரையில் ஒரே ஒரு மேடு எழும். இரண்டு பேர் சேர்ந்து போட்ட ஒரே கையெழுத்து.

இயந்திரத்துக்குள் பாயும் திரவத்தில் வளையத்தைக் கலந்துவிட்டால் கதை வேறு. பாராவுக்கு அந்த மடி அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தும். அது வளையத்தில் ஏறி உட்கார்ந்து சீக்கிரம் வெளியே வந்துவிடும். மெட்டா சரியாக உட்கார முடியாமல் பின்தங்கும். ஒரு மேடு இரண்டாகப் பிரியும். அந்தக் கூடத்தில் இந்த வித்தை தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி வளையக்காரி. இன்னொருவர் அவள் புருஷன்.

அவருக்கும் பட்டப்பெயர் உண்டு. பிரஷர். திரவத்தைத் தள்ளுகிற பம்பின் அழுத்தம் எவ்வளவு என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்காவிட்டால் அவருக்கு மூச்சு முட்டும். “இருநூறு... இருநூத்திப் பத்து...” என்று தூக்கத்தில்கூட முணுமுணுப்பார் என்று அவளே சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

பொருட்களைப் பிரிக்கிற அந்த எஃகுக் குழாயைக் காலம் என்பார்கள். விரல் பருமன், ஒன்றரைச் சாண் நீளம், உள்ளே இறுக்கமாக அடைத்த நுண்பொடி. பெயர் ஆங்கிலம்தான், தூண் என்று அர்த்தம். ஆனால் தமிழில் எழுதினால் வேறு காலம் ஆகிவிடுகிறதே! கூடத்தில் அதை வைத்துப் பேசாத கேலி இல்லை. “என்ன சார், புதுக் காலம் பொறந்திருச்சா?” “எங்கேப்பா, பழைய காலத்தையே ஓட்டிக்கிட்டிருக்கோம்.” “நம்ம காலம் முடியறதுக்குள்ள அடுத்த காலம் வந்துருமா?” இப்படி.

அவர்கள் கல்யாணமே ஒரு காலம் கெட்டதால் நடந்ததுதான்.

முப்பது வருடத்துக்கு முன்னால் அவள் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதம். வளையம் கலந்த திரவத்தை ஓட்டிவிட்டு, மாலையில் குழாயைச் சுத்தம் செய்யும்போது நேராக மெத்தனாலைத் திறந்துவிட்டாள். மெத்தனால் பட்டால் வளையம் கரைசலில் நிற்காது. உப்பு மாதிரி உறைந்து, குழாய்க்குள் கல்லாக அடைத்துக்கொள்ளும். முதலில் வெறும் தண்ணீர் விட்டு வளையத்தையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டு, அதற்கப்புறம்தான் மெத்தனால். அது அவளுக்குத் தெரியாது. காலை வந்து பார்த்தால் காலம் அடைத்துக் கிடந்தது. கடல் தாண்டி வந்த குழாய். அப்போதிருந்த தலைவர் குதித்தார்.

“யார் செஞ்ச வேலை இது?”

அவள் வாய் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. “நான்தான் செஞ்சேன்.”

மெலிந்த உடம்பு, எண்ணெய் படிந்த கை. அன்றுவரை அவளோடு நாலு வார்த்தை பேசியிராத மனிதர். அவருடைய பதவி உயர்வு ஒரு வருடம் தள்ளிப்போனது. சாயங்காலம் படிக்கட்டில் அவள் அழுதுகொண்டு நின்றபோது, அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “இதுக்குப் போய் யாராவது அழுவாங்களா? ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வெச்சுக்க. தண்ணி முதல்ல, சாராயம் அப்புறம்.”

மெத்தனாலைத்தான் அவர் சாராயம் என்றார். அந்த வாக்கியம் கூடத்துக்கே வேதமாகிவிட்டது. அவர் கையாலேயே ஒரு தாளில் எழுத வைத்து இயந்திரத்தின் தலைக்கு மேல் ஒட்டியிருந்தார்கள். அவளுக்கோ அது வேறு ஒன்று. ஒரு பெண்ணுக்குத் தாலியைவிட இறுக்கமான கட்டு எதுவென்றால், தனக்காக ஒருவன் பழி ஏற்றான் என்ற நினைப்புதான். அந்தக் கட்டோடு முப்பது வருடம் குடும்பம் நடத்தினாள்.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வளையக்காரிக்கு அம்மா இல்லை. இவளுடைய ஒன்பது வயதில் இறந்துபோனாள். வளர்த்தது அவளைவிட எட்டு வயது மூத்த அக்கா. வாயைத் திறந்தால் கத்தல்தான். தங்கையை ‘டி’ போடாமல் அக்காவுக்கு ஒரு வாக்கியம் பேச வராது. “சாப்பிட்டியாடி? ஏன்டி இளைச்சுட்ட? உன் புருஷன் கவனிக்கிறானா இல்லையாடி?” அக்காவும் மாமாவும் நகரத்தின் ஓரத்தில் கால்வாய் பக்கம் நாற்பது பசு வைத்திருந்தார்கள். பிள்ளை இல்லை. பசுக்கள்தான் பிள்ளைகள். ஒவ்வொன்றுக்கும் பெயர், ஒவ்வொன்றுக்கும் ஒரு குணக்கேடு.

தொழுவத்துக்குப் பக்கத்தில் தரை கழுவும் கிருமிநாசினி செய்கிற ஆலை. வளையக்காரியின் மகனுக்கு வேலை அங்கேதான்; ஆலை விடுதியிலேயே தங்கியிருந்தான். ஆலையின் கழிவுக் குழாயும், தொழுவத்தைக் கழுவி விடும் வாய்க்காலும் மூடிய ஒரே மதகுக்குள் விழுந்து, அங்கிருந்து கால்வாயில் கலந்தன. ஒருநாள் காலையில் கால்வாய் முழுக்க ஆஸ்பத்திரித் தரை மாதிரி நாறியது. மீன் செத்து மிதந்தது. குடிதண்ணீர்த் தொட்டி வரைக்கும் வாசனை போய்விட்டது.

சாதாரண முறையில் பரிசோதித்தார்கள். கிரெசால் மேடு வானத்தைத் தொட்டது. ஆலையின் வக்கீல் கெட்டிக்காரர். “கிரெசால் சாணத்துலயும் வரும். மாட்டுத் தொழுவம் நாற்பது மாடு கழுவி விடுது. எங்க ஆலை சுத்திகரிச்சுத்தான் விடுது. நாறினது மாடா, நாங்களா? நிரூபிங்க” என்றார். அன்று பிடித்த தண்ணீர் தவிர வேறு சாட்சி இல்லை. அடுத்த நாளே ஆலையின் குழாயில் கண்ணாடி மாதிரித் தண்ணீர் வந்தது.

தொழுவத்துக்கு முத்திரை வைக்க ஆணை தயாரானது. அதற்கு முன் ஒரே ஒரு விசாரணை. ஐந்து நாளில்.

இங்கேதான் வளையக்காரியின் வித்தை வந்தது. சாணத்தில் இருப்பது பாரா மட்டுமே. ஆலையின் கிருமிநாசினியில் இருப்பது பெரும்பாலும் மெட்டா. அந்த ஒற்றை மேட்டை இரண்டாகப் பிரித்து, மெட்டா இருக்கிறது என்று காட்டிவிட்டால் போதும். மாடு தப்பிக்கும்.

கூடத் தலைவருக்கு உறவு தெரியும். வேறு ஆளும் இல்லை. “பாட்டில்ல எண்தான் இருக்கு, உறவு எழுதல. மூணு தடவை ஓட்டு. மூணும் ஒத்து வந்தாத்தான் அறிக்கை. ஒண்ணு குறைஞ்சாலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்” என்று சொல்லி பாட்டிலைக் கொடுத்தார். தண்ணீர் பிடித்து நான்கு நாள் ஆகிவிட்டிருந்தது. ஏழு நாளுக்கு மேல் போனால் பாட்டிலுக்குள் இருக்கும் கிருமிகளே அந்தப் பொருளைத் தின்று தீர்த்துவிடும்.

முதல் ஓட்டம் காலை பதினொரு மணிக்கு. வளையத்தை எடைபோட்டுக் கரைத்து, வடிகட்டி, பம்பில் வைத்தாள். பக்கத்தில் நின்று புருஷன் அழுத்தம் சொன்னார். “நூத்தித் தொண்ணூறு. நல்லாப் போகுது.” பதினோராவது நிமிடத்தில் ஒரு சின்ன மேடு எழுந்து இறங்கியது. பாரா. அவள் மூச்சுவிடவில்லை. கோடு தரையோடு தரையாக ஊர்ந்தது. பதின்மூன்றாவது நிமிடம். கோடு நிமிர்ந்தது. நிமிர்ந்து, நிமிர்ந்து, முதல் மேட்டைப்போல் நான்கு மடங்கு உயரம் போய் நின்றது.

மெட்டா.

அவள் புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பெண் மாதிரி குதித்தாள். “பாத்தீங்களா? மாடு இல்லங்க! மாடு இல்ல!”

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஒரு தடவைதானே ஆச்சு” என்றார். “இன்னும் ரெண்டு இருக்கு.”

அந்த முகத்தில் இருந்தது என்ன என்று அவள் அப்போதே பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. முதல் ஓட்டத்தின் தாளை அச்செடுத்து மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். “இத அக்காகிட்டச் சொல்லாம எனக்குச் சோறு எறங்காது. பம்ப் ஓடட்டும். ரெண்டு மணிக்குள்ள வந்துடறேன். பாத்துக்கோங்க” என்று பஸ் பிடித்தாள்.

தொழுவத்தில் மாமா ஒரு கன்றுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

“இது என்னம்மா, ரெண்டு திமில் வெச்ச மாடு மாதிரி இருக்கு?”

“சின்னது நம்ம மாடு மாமா. பெரிசு அவங்க ஆலை.”

“அப்போ உன் மிஷின் எங்க மாட்டுக்கு நடத்தைச் சான்றிதழ் குடுத்துடுச்சா?”

“கையெழுத்துதான் பாக்கி.”

அக்கா கையிலிருந்த வாளியைப் பொத்தென்று கீழே வைத்தாள். தங்கையின் முகத்தை ஈரக் கையால் வழித்து நெற்றியில் முத்தமிட்டாள். “என் வயித்துல பாலை வார்த்துட்டியேடி. நாலு நாளா இதுங்களும் தின்னல, நானும் தின்னல” என்று சொல்லி அழுதாள். பக்கத்தில் கட்டியிருந்த கிழப்பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “கேட்டியா, நீ பண்ணலையாம்டி, நீ பண்ணலையாம்” என்றாள்.

அவள் திரும்பி வந்தபோது மணி இரண்டே கால்.

அறைக்கதவைத் திறந்ததும் வாசனை மூக்கில் ஏறியது. மெத்தனால். பம்ப் முனகிக்கொண்டிருந்தது. திரையில் அழுத்தம் ஐந்நூற்று எண்பது. அவள் ஓடிப்போய் நிறுத்தினாள். திரவக் குழாய் எந்த பாட்டிலில் இருக்கிறது என்று பார்த்தாள். மெத்தனால் பாட்டிலில். இணைப்பைக் கழற்றினாள். குழாயின் வாயில் வெள்ளையாகப் படிகம், பல்லில் ஒட்டிய சர்க்கரை மாதிரி.

“கழுவி வெப்போமேன்னு...” என்றார் புருஷன், துணியில் கையைத் துடைத்தபடி. “ஞாபகமே இல்ல. கை பழக்கத்துல மாத்திட்டேன்.”

அவருடைய தலைக்கு மேலேயே ஒட்டியிருந்தது அந்தத் தாள். தண்ணி முதல்ல, சாராயம் அப்புறம். அவருடைய கையெழுத்து.

மறதி என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். அறுபதை நெருங்குகிற மனிதர், ஓய்வுபெற இன்னும் ஒன்பது மாதம். வெந்நீர் வைத்து மெல்ல மெல்லக் கரைத்துவிடலாம் என்று உட்கார்ந்தாள். அப்போதுதான் பம்பின் அமைப்புப் பக்கம் கண்ணில் பட்டது. அழுத்தம் முந்நூறைத் தாண்டினால் பம்ப் தானாக நின்றுவிடும். அந்த எல்லையை முப்பது வருடமாக யாரும் தொட்டதில்லை. அடைப்பு விழுந்த அந்த நொடியே பம்ப் நின்றிருந்தால் காலம் பிழைத்திருக்கும்.

எல்லை அறுநூறு என்று மாற்றப்பட்டிருந்தது. நேரம்: பன்னிரண்டு நாற்பது.

தூக்கத்தில்கூட அழுத்தம் எண்ணுகிற மனிதர் எண்ணை மாற்றியிருக்கிறார். மறதிக்கு நேரம் குறித்து வைக்கத் தெரியாது.

இரண்டு நாள் வெந்நீர் விட்டுப் பார்த்தாள். படிகம் கரைந்தது. ஆனால் அந்த அழுத்தத்தில் உள்ளே இருந்த பொடிப் படுகை இடிந்துபோயிருந்தது. மாதிரியை ஏற்றினால் ஒரு மேடும் இல்லாமல் இரண்டு மேடும் இல்லாமல் ஏதோ குப்பைமேடு மாதிரி ஒன்று எழுந்தது. புதுக் காலம் வர ஆறு வாரம். பாட்டிலின் ஆயுள் இன்னும் ஒரு நாள். வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்தது என்பார்கள். இங்கே தாழி தானாக உடையவில்லை.

அன்று மாலை, சமையலறையில், அவள் அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டாள்.

“ஏன் செஞ்சீங்க?”

“மறந்துட்டேன்னு சொன்னேன்ல.”

“சாராயத்தை மறக்கலாம். அறுநூறுன்னு தட்டுறதுக்குமா மறதி வரும்?”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மேஜை விரிப்பின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“அந்த ஆலையில வால்வு தொறந்த அன்னிக்குப் பொறுப்புல இருந்தது யாரு தெரியுமா? புத்தகத்துல கையெழுத்து யாருது தெரியுமா? நம்ம பையன்.”

ஒரே மகன். ஆலையில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்.

“மெட்டான்னு வெளிய வந்துச்சுன்னா ஆலை முதலாளி உள்ள போக மாட்டான். கையெழுத்துப் போட்டவன் போவான். கிரிமினல் கேசு. யோசிச்சுக்க.”

“அவன்கிட்ட நான் பேசறேன்...”

“பேசித் தொலைக்காத! அவன் பயந்து ஏதாவது பண்ணிக்கிட்டான்னா? போன்ல பேசினா எவன் காதுல விழும்னு தெரியாது. இதுக்கு மேல அவன் பேரையே எடுக்காத.”

“அப்போ எங்கக்கா?”

“மாடு போனா வேற மாடு. மகன் போனா?”

அவர் எழுந்து வந்து அவள் தோளில் கை வைத்தார். அந்தக் கையின் எடை அவளுக்குப் பழக்கமானதுதான்.

“நாளைக்கு அந்த அதிகாரி கேட்பாங்க, யார் கழுவினதுன்னு. நான்னு சொன்னா எல்லையை ஏன் மாத்தினேன்னு தோண்டுவாங்க. ஆலையில பையன் இருக்கான்னு கண்டுபிடிப்பாங்க. நீ சொல்லு. ஒரு தடவை உனக்காக நான் தலை கொடுத்தேன். மறந்துட்டியா?”

“தலை கொடுத்தீங்க” என்றாள் அவள். “இப்போ வட்டியோட கழுத்தைக் கேக்குறீங்க.”

விசாரணை ஒரு நீளமான அறையில் நடந்தது. மேஜையின் ஒரு பக்கம் ஆலை வக்கீல். எதிரே அக்காவும் மாமாவும், இருப்பதிலேயே நல்ல துணி உடுத்தி. அக்கா தங்கையைப் பார்த்துக் கண்ணாலேயே தைரியம் சொன்னாள்.

விசாரணை அதிகாரி கண்ணாடி போட்ட, சலிப்பில்லாத ஒரு அம்மா. முதல் ஓட்டத்தின் தாளை நிதானமாகப் பார்த்தார்.

“இதுல ரெண்டு மேடு தெளிவாத் தெரியுது. மிச்ச ரெண்டு ஓட்டம் ஏன் இல்ல?”

“காலம் அடைச்சுப்போச்சும்மா.”

“எப்படி? நல்லாக் கேளுங்க. யாராவது வேணும்னு கெடுத்திருந்தா, இந்த ஒரு தாளையே வெச்சுக்கிட்டு நான் ஆணையை நிறுத்தி வெப்பேன். ஆலையைச் சோதனை போடச் சொல்லுவேன். தவறுதலா நடந்ததுன்னா, தவறு பண்ற கையில வந்த ஒத்தைத் தாளை நான் எடுத்துக்க முடியாது. யாரு செஞ்சது?”

மாடு காப்பாற்றப்பட ஒரே ஒரு வாக்கியம் போதும். அது அவள் நாக்கின் நுனியில் இருந்தது. பின்வரிசையில் புருஷன் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் மகன் உட்கார்ந்திருப்பதுபோல அவளுக்குத் தோன்றியது, கையில் விலங்கோடு.

“நான்தான் செஞ்சேன்” என்றாள்.

முப்பது வருடத்துக்கு முன் கேட்ட அதே இரண்டு வார்த்தைகள். அன்று அவை அவளுக்கு ஒரு வாழ்க்கையைக் கொடுத்தன. இன்று அவளை வளர்த்தவளின் வாழ்க்கையை எடுத்துக்கொண்டன.

“முப்பது வருஷ அனுபவம். இந்தத் தப்பா?” என்றார் அதிகாரி.

“முதல்ல தண்ணி விடணும். மறந்துட்டேன்.”

ஆலை வக்கீல் தாளை எடுத்து ஓரமாக வைத்தார். பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். தொழுவத்துக்கு முத்திரை வைக்கும் ஆணையில் அன்றே கையெழுத்தானது.

வெளியே வந்ததும் அக்கா அவளைத் திட்டுவாள், கன்னத்தில் அறைவாள் என்று எதிர்பார்த்தாள். அறைந்திருந்தால் பிழைத்திருப்பாள். அக்கா அவள் தலையைத் தடவினாள். “அழாதடி. மிஷின்தானே. மனுஷங்களே கெட்டுப்போறாங்க. எங்களுக்காக ஓடி வந்த பாரு, அந்த அவசரத்துலதான் உனக்கு மறதி. நான்தான்டி உன்னைக் கெடுத்தேன்” என்றாள்.

இரண்டு வாரத்தில் நாற்பது பசுவும் போயின. வண்டியில் ஏற மறுத்த கிழப்பசுவை அக்காவே கழுத்தைப் பிடித்து ஏற்றிவிட்டாள். வாங்க வந்தவன் அதைக் கடைசியில்தான் எடுத்தான், எடை போட்டு, கறிக்கு. மாமா ஒரு கிடங்கில் காவல் வேலைக்குப் போனார். கூடத்தில் வளையக்காரியை இயந்திரத்தின் பக்கம் விடவில்லை. மறுபடியும் பாத்திரம் கழுவப் போட்டார்கள். சக ஊழியர் ஒருவர் விளையாட்டாக, “காலம் உங்களை எங்க கொண்டுவந்து நிறுத்தியிருக்கு பாருங்க” என்றார். அவளும் சிரித்தாள். வேறென்ன செய்வது?

மகனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த ஒரு நினைப்பைத்தான் அவள் நெஞ்சில் வைத்துக் குளிர்காய்ந்துகொண்டிருந்தாள்.

பத்து மாதம் கழித்து ஒரு விடுமுறை நாளில் மகன் ஆலை விடுதியிலிருந்து வீட்டுக்கு வந்தான். மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவன் கேட்டான்: “பெரியம்மா இனிமே மாடே வாங்க மாட்டாங்களா? பாவம்மா. எங்க ஆலைதான் விட்டுதுன்னு உள்ள எல்லாருக்கும் தெரியும்.”

அவள் கையிலிருந்த கரண்டி நின்றது. “மெதுவாப் பேசுடா. உன் கையெழுத்து...”

“என் கையெழுத்தா? எதுல?”

“வால்வு புத்தகத்துல.”

அவன் சிரித்தான். “நான் பாட்டிலுக்கு லேபிள் ஒட்டுற பிரிவும்மா. என் ஷிஃப்டு எப்பவும் அங்கதான். வால்வு பக்கம் போக எனக்கு அனுமதியே கெடையாது. ரெண்டு வருஷமா என்ன வேலை பாக்குறேன்னு நீ கேட்டதே இல்லையே.”

உண்மை. கேட்டதில்லை. மெட்டாவுக்கும் பாராவுக்கும் வித்தியாசம் தெரிந்தவளுக்குப் பெற்ற பிள்ளை எந்தப் பிரிவில் இருக்கிறான் என்று தெரியவில்லை.

முன்னறையில் புருஷன் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்று ஒரு மாதம். சட்டைப்பையில் புது அடையாள அட்டை. அந்த ஆலையில் தண்ணீர் ஆலோசகராகச் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. “என் அனுபவத்தை மதிச்சுக் கூப்பிட்டாங்க” என்று சொல்லியிருந்தார். அவளும் நம்பியிருந்தாள். எதைத்தான் நம்பவில்லை?

அவள் டிவியை நிறுத்தினாள்.

“ஆலையில அந்த நாற்காலிய எப்போ பேசி முடிச்சீங்க? பாட்டில் வர்றதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

அவர் மகனை ஒருமுறை பார்த்தார். மறுக்கவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

“முப்பத்தஞ்சு வருஷம் ஊரான் தண்ணியை அளந்தேன்” என்றார். “எவன் என்னை நிமிர்ந்து பார்த்தான்? எனக்குன்னு ஒரு அறை, ஒரு நாற்காலி வேணாமா?”

“அதை முதல்லயே சொல்லியிருக்கலாமே. மகனைக் காட்டி ஏன் மிரட்டினீங்க?”

“நாற்காலிக்குன்னா நீ ஒத்துக்கிட்டிருக்க மாட்டியே.”

அன்று சாயங்காலமே அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். பையின் உள்அறையில் அந்தத் தாளின் இன்னொரு படி பத்து மாதமாக மடிந்து கிடந்தது. இரண்டு திமில். மடிப்பு விழுந்த இடத்தில் மை உதிர்ந்திருந்தது.

மாடு போனதும் முத்திரையை எடுத்திருந்தார்கள்; தொழுவத்தில் இப்போது கதவும் இல்லை. நாற்பது கட்டுத்தறிகள் மட்டும் வரிசையாக நின்றன. அக்கா ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து துணி தைத்துக்கொண்டிருந்தாள். இப்போது வீடு வீடாகத் தையல் வாங்கிச் செய்கிறாள்.

“வாடி. என்னடி முகம் ஒரு மாதிரி இருக்கு?”

அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். மெத்தனால், அறுநூறு, மகன், நாற்காலி. தான் சொன்ன பொய்யையும் மறைக்கவில்லை. சொல்லி முடித்துத் தாளை நீட்டினாள். “நான் அந்த அதிகாரிகிட்டப் போறேன்க்கா. எழுதிக் குடுக்கறேன். என் வேலை போனாலும் போகட்டும்.”

அக்கா தாளை வாங்கவில்லை. ஊசியில் நூலைக் கோத்து முடித்தாள். அப்புறம் பேசினாள்.

“எழுதிக் குடுத்தா அந்தக் கெழட்டுப் பசு திரும்பி வருமா?”

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“மாடு போச்சு. போகட்டும்னு விட்டேன். மிஷின் கெட்டுச்சு, என் தங்கச்சி என்ன பண்ணுவா பாவம்னு நெனச்சேன். தெனம் அதைச் சொல்லித்தான் உங்க மாமாவைச் சாப்பிட வெச்சேன். நாற்பது மாட்டுக்கு மிஞ்சி எங்களுக்கு இருந்தது அது ஒண்ணுதான். நீ என் பக்கம் நின்னன்னு.” அவள் குரல் உயரவே இல்லை. கத்தத் தெரிந்தவள் கத்தாமல் பேசினாள். “இன்னிக்கு வந்து அதையும் அவுத்துக்கிட்டுப் போற.”

“அக்கா, என் பிள்ளைன்னு...”

“எனக்கு யாரு பிள்ளை?”

கட்டுத்தறி ஒன்றில் காக்கை வந்து உட்கார்ந்து பறந்தது. வளையக்காரி தாளை மடித்தாள். மடிப்பு பழைய மடிப்பிலேயே விழுந்தது. போய்விட்டு வருகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

அக்கா எழுந்தாள். மடியிலிருந்த துணியை உதறிக் கையில் எடுத்துக்கொண்டு, அந்நியர் யாரையோ வழியனுப்புகிறவள்போலத் தொழுவத்தின் வாசல்வரை கூடவே வந்தாள்.

“பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்றாள். “பார்த்துப் போங்க.”